ரின் பியரா, போத்தல் பியரா? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில், கண்டி வீதியோரம், அனுமதிப்பத்திரம் உள்ள ஓர் உணவகத்தில் ஆறு வருடம் களஞ்சியம் பார்த்தவன் நான். அங்கே சோற்றைப் பற்றியோ கணவாய்க் கறியைப் பற்றியோ யாரும் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. பியரைப் பற்றிக் கேட்காத நாளும் இல்லை. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொன்ன, சொல்லியிருக்க வேண்டிய பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்க முடியாது. அந்த வயதுத் தம்பிமார் இதை வாசிப்பதால் ஒரு பிரயோசனமும் இல்லை.

அண்ணை, ரின்னுக்குள் இருக்கிறதும் போத்தலுக்குள் இருக்கிறதும் ஒரே பியர்தானா?

ஒரே பெயர், ஒரே அற்ககோல் வீதம் என்றால் ஒரே பியர்தான். ஆலையில் பெரிய தாங்கி ஒன்றில் பியர் தயாராகி நிற்கும். அதிலிருந்து ஒரு குழாய் போத்தல் நிரப்பும் இயந்திரத்துக்குப் போகும், இன்னொன்று ரின் நிரப்பும் இயந்திரத்துக்குப் போகும். அதற்குப் பிறகு பெரும்பாலும் இரண்டையும் மூடியபடியே சூடான தண்ணீர் தெளிக்கும் நீண்ட சுரங்கம் ஒன்றுக்குள் மெதுவாக ஓடவிடுவார்கள். ஏறத்தாழ 60 பாகையில் சில நிமிடங்கள் நிற்கும்போது மிச்சமிருக்கும் மதுவமும் மற்றக் கிருமிகளும் செத்துவிடும்.

"ரின்னுக்கு வேறு மருந்து போடுகிறார்கள்", "போத்தல்தான் ஒறிஜினல்" என்பதெல்லாம் சந்திக் கதை. வித்தியாசம் ஆலைக் கதவைத் தாண்டிய பிறகுதான் தொடங்குகிறது.

அப்படியென்றால் ருசி ஏன் வேறாக இருக்கிறது?

பியரைக் கெடுக்கிறவை மூன்று: வெளிச்சம், காற்று, வெக்கை. ரின் வெளிச்சத்தை முழுதாக மறைக்கும், காற்றை அநேகமாக முழுதாகத் தடுக்கும். போத்தல் இரண்டையும் ஓரளவுக்குத்தான் தடுக்கும். வெக்கையை இரண்டுமே தடுக்காது. வன்னியில் நமக்கு அளவுக்கு மிஞ்சிக் கிடைப்பது வெக்கைதானே! அதனால்தான் இந்த விவாதத்தில் வெளிநாட்டுக்காரர் சொல்லும் பதில் இங்கே பாதிதான் பொருந்தும்.

வெளிச்சம் பட்டால் பியருக்கு என்ன ஆகும்?

இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முன்னமே நான் செய்து பார்த்துவிட்டேன். ஓர் ஆவணி மாதம். கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் சனம் வந்து குவிந்த நேரம். பச்சைப் போத்தல் பியர் ஆறு பெட்டி வந்தது. களஞ்சியத்தில் இடமில்லை. பின் விறாந்தையில், ஒளி வரட்டும் என்று போட்டிருந்த கண்ணாடிபோன்ற பிளாஸ்ரிக் கூரைத் தகட்டுக்குக் கீழே, பெட்டிகளைத் திறந்து போத்தல்களை வரிசையாக அடுக்கினேன். வடிவாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் ஒரு பெரியவர் ஒரு வாய் குடித்துவிட்டுப் போத்தலை என் பக்கம் தள்ளினார். "தம்பி, இதை மணந்து பார்" என்றார். றப்பர் கருகியதும் பழுதாய்ப்போன வெங்காயமும் கலந்தமாதிரி ஒரு வாடை. பிழை முழுக்க என்னுடையது. ஆறு பெட்டிக்கான காசில் பாதி என் சம்பளத்தில் கழிந்தது.

நடந்தது இதுதான். பியரின் கசப்பு ஹொப்ஸ் என்ற கொடியின் பூவிலிருந்து வருகிறது. நீல ஒளியும் புறஊதாக் கதிரும் பட்டால், பியரில் இயல்பாகவே இருக்கும் ரைபோபிளேவின், அதாவது விற்றமின் பி2, அந்த ஒளியை உறிஞ்சி ஹொப்ஸின் கசப்புப் பொருளை உடைக்கும். உடைந்த துண்டு பியரில் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து 3-மெதைல்-2-பியூற்றீன்-1-தயோல் என்ற பொருளாகும். பெயர்தான் நீளம். ஒரு லீற்றரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். ஆங்கிலத்தில் இதை ஸ்கங்க் நாற்றம் என்பார்கள். ஸ்கங்க் என்பது தன்னைத் துரத்துகிறவன்மேல் நாற்ற நீரைப் பீச்சும் அமெரிக்கப் பிராணி. எங்கள் காட்டில் மரநாய் உண்டு, அது இல்லை. அதனால் நான் றப்பர், வெங்காயம் என்றே சொல்கிறேன்.

வெள்ளைக் கண்ணாடியில் இருக்கும் பியரை நேர் வெயிலில் வைத்தால் சில நிமிடங்களிலேயே இந்த வாடை தொடங்கிவிடும். பச்சைக் கண்ணாடி அதைவிடச் சிறிது தாங்கும், அவ்வளவுதான். மண்ணிறக் கண்ணாடி, ஏறத்தாழ 500 நனோமீற்றருக்குக் குறைந்த அலைநீளம் உள்ள ஒளியில் பெரும்பகுதியை மறித்துவிடும். கேடு செய்கிற ஒளியும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ரின்னுக்குள் ஒளியே போகாது.

பச்சைப் போத்தல் பியர் தரம் கூடியது என்கிறார்களே?

பச்சை நிறம் வியாபார அடையாளம். பியரைக் காப்பாற்ற வந்த நிறம் அல்ல. பச்சைப் போத்தலும் அதே பெயருள்ள ரின்னும் பக்கத்தில் இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு ரின்னை எடுப்பேன். வெள்ளைப் போத்தலில் விற்கும் சில நிறுவனங்கள், ஒளி பட்டாலும் உடையாதபடி மாற்றிய ஹொப்ஸ் சாற்றைப் பாவிக்கின்றன. அது வேறு வழி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பெட்டிக்குள் வெள்ளை ரியூப் லைற் இரவு பகலாக எரிகிற கடைகள் உண்டு. அந்த வெளிச்சமும் நாட்கணக்கில் பட்டால் பச்சைப் போத்தலுக்கு ஆகாது. முன் வரிசையில் நிற்பதை விட்டுப் பின்னால் இருட்டுக்குள் இருப்பதைக் கேளுங்கள். கடைக்காரர் முகத்தைச் சுழிப்பார். பரவாயில்லை.

மூடிதான் இறுக்கமாக இருக்கிறதே, போத்தலுக்குள் காற்று எப்படிப் போகும்?

போத்தலின் பல்மூடிக்கு அமெரிக்காவின் பால்ரிமோரைச் சேர்ந்த வில்லியம் பெயின்ரர் என்பவர் 1892இல் காப்புரிமை எடுத்தார். இன்றைக்கும் வடிவம் அநேகமாக அதுவேதான், விளிம்பில் 21 பல். மூடியின் உட்பக்கத்தில் மெல்லிய பிளாஸ்ரிக் படை இருக்கும். அழுத்தம் உள்ளிருந்து வெளியே தள்ளினாலும், அந்தப் படையின் ஊடாக ஒட்சிசன் மிகமிக மெதுவாக உள்ளே ஊரும். ரின்னின் மூடியும் உடலும் இரண்டு மடிப்பாக மடித்து நெரிக்கப்பட்டவை. அங்கே காற்றுக்கு வழி இல்லை.

ஒட்சிசன் சேர்ந்த பியரில் நனைந்த கார்ட்போட் மட்டையின் ருசி வரும். அதோடு ஒரு பழைய தேன் இனிப்பும் ஏறும். ஆனால் புதிய பியரில் இந்த வித்தியாசத்தை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். மாதக்கணக்கில் கிடந்தால்தான் தெரியும். நிரப்பும்போதே ரின்னுக்குள் கொஞ்சம் ஒட்சிசன் அகப்பட்டுவிட்டால், ரின்னும் இதே ருசிக்குத்தான் போகும்.

சரி, வெக்கை?

இதுதான் எங்கள் பிரச்சினை.

அமெரிக்கப் பியர் வியாபாரத்தில் 3-30-300 என்று ஒரு கைக்கணக்கு உண்டு. 32 பாகை செல்சியஸில் 3 நாள் கிடந்தாலும், 22 பாகையில் 30 நாள் கிடந்தாலும், 3 பாகையில் 300 நாள் கிடந்தாலும் பியருக்கு வரும் முதுமை ஏறத்தாழ ஒன்றே என்பது அதன் பொருள். இது துல்லியமான அளவு இல்லை, போக்கைக் காட்டும் கணக்கு. இருந்தாலும் அதை முதலில் கேட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. தகரக் கூரை போட்ட எங்கள் களஞ்சியத்தில் சித்திரை, வைகாசியில் 32 பாகை என்றால் அதைக் குளிரான நாள் என்றுதான் சொல்வோம்.

லொறியின் கதையையும் சேர்த்துப் பாருங்கள். லயன் பியர் காய்ச்சும் ஆலை கொழும்புக்குப் பக்கத்தில் பியகமையில் இருக்கிறது. அங்கிருந்து கிளிநொச்சிக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். தார்ப்பாய் மூடிய லொறி, வவுனியாவில் ஓர் இறக்கம், ஓமந்தை தாண்டி வெயில், புளியங்குளத்தில் சாரதியின் சாப்பாடு, பிறகு எங்கள் முற்றம். ரின் என்றாலும் போத்தல் என்றாலும் அந்த வழியெல்லாம் வெக்கையில்தான் வருகின்றன. 2016 மே வெள்ளத்தில் பியகமை ஆலைக்குள் தண்ணீர் புகுந்து உற்பத்தி நின்றபோது வெளிநாட்டு ரின்கள் நாட்டுக்குள் வந்தன. அவை கப்பலிலும் கொள்கலனிலும் கிடந்த காலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அதனால் பயந்துவிட வேண்டாம். மூன்று நாளில் பியர் நஞ்சாகாது. புதிதாக இருக்கும் ருசி மட்டும் மெல்லக் குறையும். ஹொப்ஸ் மணம் முன்னால் நிற்கும் லாகரில், அதாவது இலேசான வெளிர்நிறப் பியரில், அது கெதியாகத் தெரியும். ஸ்ரவுட் போன்ற கறுப்புப் பியரில் வறுத்த பார்லியின் ருசி எல்லாவற்றையும் மூடிவிடும். எங்கள் கடையில் பழைய லாகரைப் பற்றி முறைப்பாடு வந்திருக்கிறது. பழைய ஸ்ரவுட்டைப் பற்றி ஒருநாளும் வந்ததில்லை.

குளிர்ந்த பியர் சூடாகி, மறுபடி குளிர்ந்தால் கெட்டுவிடுமா?

குளிர்ந்து சூடாவதால் மட்டும் கெடாது. சூட்டில் எவ்வளவு நேரம் கிடந்தது என்பதுதான் கணக்கு. கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகும் அரை மணித்தியாலத்தால் ஒன்றும் ஆகாது. வாகனத்தின் பின்பெட்டிக்குள் இரண்டு நாள் மறந்து விட்டுவிட்டால் ஆகும். வாடை வருவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அது வெளிச்சத்தின் வேலை. இந்த இரண்டையும் சனம் குழப்பிக்கொள்கிறது.

கடையில் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் திகதி. ரின்னில் பெரும்பாலும் அடியில் அச்சிட்டிருக்கும், போத்தலில் லேபலிலோ கழுத்திலோ இருக்கும். காலாவதித் திகதியை மட்டும் பார்த்துவிட்டு வைக்காதீர்கள். உற்பத்தித் திகதியைப் பாருங்கள். ரின், போத்தல் என்று அரை மணித்தியாலம் வாதாடிவிட்டு, ஐந்து மாதம் பழசான ரின்னை எடுத்துக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் போன மாதத்துப் போத்தல் இருந்தது. புதிய மண்ணிறப் போத்தல் பழைய ரின்னைவிட நல்லது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிறகு ரின்னைக் கையில் எடுத்து அமுக்கிப் பாருங்கள், விறைப்பாக இருக்க வேண்டும். மூடி விளிம்பில் நெளிவு இருந்தால் வேண்டாம், அங்கேதான் காற்று போகும். வயிற்றில் சின்ன நெளிவு இருந்தால் பரவாயில்லை. போத்தலில் வாயோரம் சில்லுப் பெயர்ந்திருக்கிறதா, மூடியில் துரு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

போத்தலின் தோளிலும் அடிவயிற்றிலும் வெள்ளையாகத் தேய்ந்த வளையம் இருந்தால் அது பலமுறை ஆலைக்குப் போய்த் திரும்பி வந்த போத்தல். அதைக் கண்டு அருவருக்க வேண்டாம். சூடான கோஸ்ரிக் சோடாக் கரைசலில் கழுவித்தான் மறுபடி நிரப்புகிறார்கள். எங்கள் வீட்டுக் கிளாஸ்கள் அவ்வளவு சுத்தமாக இருக்காது.

போயா தினத்தில் கடை பூட்டு. முதல்நாள் மாலை வரிசையில் நின்று எடுக்கும்போது திகதி பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. பழையது எல்லாம் போவது அன்றைக்குத்தான். களஞ்சியக்காரன் சொல்கிறேன், நம்புங்கள்.

எது கெதியாகக் குளிரும்?

ரின். அலுமினியம் கண்ணாடியைவிட நூறு மடங்குக்கு மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ரின்னின் சுவர் தாள்போல மெல்லியது, போத்தலின் சுவர் தடிப்பு. ஆனால் அந்த மடங்கு அப்படியே நேரத்தில் தெரியாது, உள்ளே இருக்கும் பியர் குளிர வேண்டுமே. ஐஸ் தண்ணீரில் அமிழ்த்தினால் 330 மில்லி ரின் கால் மணித்தியாலத்தில் குடிக்கிற பதத்துக்கு வந்துவிடும். 625 மில்லிப் போத்தலுக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். குளிர்ந்த ரின் வெளியே எடுத்ததும் அதே வேகத்தில் சூடாகும் என்பதையும் மறக்கக்கூடாது. போத்தல் கொஞ்சம் நின்று பிடிக்கும். மெதுவாகக் கதைத்துக் கதைத்துக் குடிக்கிற ஆட்களுக்குப் போத்தல், தாகத்தோடு வருகிறவருக்குச் சின்ன ரின் என்பது என் கணக்கு.

பிரிட்ஜ் இல்லை, ஐஸும் கஷ்டம். வயலில், குளத்தடியில் என்ன செய்வது?

சோளகக் காற்று வீசும் ஆனி, ஆடியில் ஒரு பழைய வழி இருக்கிறது. சாக்கைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ரின்களைச் சுற்றி, நிழலில் காற்றுப் படும் இடத்தில் தொங்க விடுங்கள். காற்று உலர்ந்தது என்பதால் ஈரம் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொண்டு போகும். சாக்குக் காயக் காயத் தண்ணீர் தெளிக்க வேண்டும். பல்லுக் கூசும் குளிர் வராது, வாயில் வைக்கக்கூடிய குளிர் வரும். மார்கழி மழைக்குள் இது வேலை செய்யாது.

ஐஸ் கிடைத்தால், ரெஜிபோம் பெட்டிக்குள் வெறும் ஐஸ்கட்டியை மட்டும் போடாமல் தண்ணீரையும் ஊற்றுங்கள். கட்டி ரின்னைத் தொடுவது அங்கொன்று இங்கொன்றாகத்தான், தண்ணீர் சுற்றிவர முழுதாகத் தொடும். ஒரு கை உப்பும் போட்டால் குளிர் பூச்சியத்துக்குக் கீழே போகும். முல்லைத்தீவுப் பக்கத்தில் மீனுக்கு விற்கும் ஐஸை வாங்குகிறவர்கள், அது குடிக்கிற ஐஸ் இல்லை என்பதை நினைவில் வைத்திருங்கள். அதில் குளிரவைத்த ரின்னை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, பிறகு திறவுங்கள். மீன் வாடையைப் பியரின் பிழை என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்த கதையும் உண்டு.

பிறீசருக்குள் வைக்கலாமா?

நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் வைக்கலாம். பூச்சியத்துக்கு இரண்டு மூன்று பாகை கீழே பியர் உறையத் தொடங்கி விரியும். ரின் வீங்கி மடிப்பில் பிளக்கும். போத்தல் வெடித்துக் கண்ணாடி பிறீசர் முழுக்கக் கிடக்கும். மறதிக்காரருக்கு இரண்டும் வேண்டாம்.

ரின் பியரில் தகர வாடை வருகிறதே?

பியர் அலுமினியத்தைத் தொடுவதே இல்லை. உள்ளே மெல்லிய பிளாஸ்ரிக் பூச்சு இருக்கிறது. அது இல்லாததால்தான் ரின் பியர் வர இவ்வளவு காலம் பிடித்தது. பியரின் புளிப்பு உலோகத்தை அரிக்கும், உலோகம் பியரைக் கெடுக்கும். பூச்சுக்கு வழி கண்ட பிறகு, 1935 ஜனவரி 24ஆம் திகதி, அமெரிக்காவின் றிச்மண்ட் நகரில் குரூகர் என்ற கம்பனி முதல் ரின் பியரை விற்பனைக்கு விட்டது. அது கனமான உருக்கு ரின், துளைப்பான் கொண்டு குத்தித்தான் திறக்க வேண்டும். அலுமினிய ரின் 1959இல் கூர்ஸ் கம்பனியோடு வந்தது.

உங்களுக்கு வருவது மூடியின் வாடை. வாயை ரின்னில் வைக்கும்போது மூக்கு மூடிக்கு நேரே நிற்கிறது, உதடு உலோகத்தைத் தொடுகிறது. மூளை இரண்டையும் சேர்த்துத் தகரம் என்கிறது. கிளாஸில் ஊற்றிக் குடித்துப் பாருங்கள். ஒருமுறை நண்பர்கள் நாலுபேருக்கு ரின்னையும் போத்தலையும் ஒரேமாதிரியான கிளாஸில் ஊற்றி, கண்ணைக் கட்டிக் கொடுத்தேன். மூன்று பேர் ரின்னைப் போத்தல் என்றார்கள். நாலாமவர் இரண்டும் ஸ்ரவுட் என்றார். அவர் ஏற்கெனவே வேறிடத்தில் தொடங்கிவிட்டுத்தான் வந்திருந்தார்.

அந்தப் பூச்சு உடம்புக்குக் கூடாதாமே?

பூச்சில் நெடுங்காலம் பிஸ்பினோல் ஏ என்ற பொருள் இருந்தது. ஹோர்மோன்களைக் குழப்பக்கூடியது என்ற கவலையால் பல உற்பத்தியாளர்கள் அது இல்லாத பூச்சுக்கு மாறினார்கள். உணவைத் தொடும் பொருட்களில் அதைத் தடைசெய்யும் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் கொண்டுவந்தது. ரின்மீன் ரின்னுக்குள்ளும் இதேமாதிரிப் பூச்சுத்தான். பியரில் உடம்புக்கு முதல் கேடு எது என்று என்னைக் கேட்டால், அற்ககோல் என்பேன். பூச்சு அதற்குப் பிறகுதான் வரும்.

ரின்னில் எலி மூத்திரம் இருந்து எலிக்காய்ச்சல் வரும் என்று போனில் செய்தி வருகிறதே?

அந்தச் செய்தி பல வருடமாகப் பல நாடுகளில் சுற்றுகிறது. எலிக்காய்ச்சல் கிருமி ஈரத்தில்தான் வாழும், காய்ந்த இடத்தில் கெதியாகச் செத்துவிடும். இங்கே அது வருகிற வழி வயல்தான். பெரும்போகத்தில் சேற்றுக்குள் வெறுங்காலோடு நிற்பதும், காலில் உள்ள கீறலும்தான் உண்மையான ஆபத்து. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தரும் டொக்சிசைக்கிளின் குளிசையை வாங்கிப் போடாமல், ரின்னை மட்டும் பத்துத்தரம் கழுவுகிற ஆட்களை என்ன சொல்வது? களஞ்சியத்தில் தூசியும் பல்லி எச்சமும் இருக்கும் என்பதால் ரின்னின் மூடியைக் கழுவத்தான் வேண்டும். போத்தலில் மூடி வாயை மறைத்திருப்பதால் இந்தக் கரைச்சல் குறைவு.

கிரவல் வீதியில் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனேன். திறக்க முன் ரின்னைத் தட்டினால் நுரை பொங்காதாமே?

டென்மார்க்கில் இதை உண்மையிலேயே சோதித்தார்கள். 2019இல் தென் டென்மார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்ட ரின்களை எடுத்து, சிலவற்றைக் குலுக்கி, சிலவற்றை விட்டு, விரலால் தட்டியும் தட்டாமலும் திறந்து, எவ்வளவு பியர் வீணாகிறது என்று நிறுத்துப் பார்த்தார்கள். தட்டுவதால் ஒரு பலனும் இல்லை. பொறுத்திருப்பதுதான் வழி.

ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே போகிற வீதிகளில் பத்துக் கிலோமீற்றர் குலுங்கிய ரின்னை உடனே திறந்தால் சட்டை நனையும். ஐஸ் தண்ணீருக்குள் வைத்து அரை மணித்தியாலம் விடுங்கள். குளிரக் குளிர வாயு பியருக்குள் அடங்கும். போத்தலும் இப்படித்தான் பொங்கும். அதோடு ஒன்றோடொன்று அடிபட்டு உடையும் பயமும் இருக்கிறது. குலுங்கும் பயணத்துக்கு ரின்தான் சரி.

ரின் பியர்தான் கூட ஏறும் என்கிறார்கள்?

ரின்னால் ஏறாது, வீதத்தால் ஏறும். 4.8 வீத லாகர் 625 மில்லிப் போத்தலில் 30 மில்லி அற்ககோல் இருக்கிறது. 8.8 வீத ஸ்ரோங் 500 மில்லி ரின்னில் 44 மில்லி, அதே ஸ்ரோங் 625 மில்லிப் போத்தலில் 55 மில்லி. 33.5 வீதச் சாராயத்தில் ஒரு கால் போத்தல், அதாவது 180 மில்லி, 60 மில்லி அற்ககோல்தான். "நான் சாராயம் குடிக்கிறதில்லை, ஒரு ஸ்ரோங் மட்டும்" என்று சொல்கிற அண்ணைமாருக்கு இந்தக் கணக்கை நான் பலமுறை கடதாசியில் எழுதிக் காட்டியிருக்கிறேன். ரின் சின்னதாகத் தெரிவதால் இரண்டாவதை எடுக்கும் கை கெதியாக நீளும், அது உண்மை. இரண்டு ஸ்ரோங் ரின் குடித்தால் கால் போத்தல் சாராயத்தைத் தாண்டியாயிற்று. மோட்டார் சைக்கிள் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

எது மலிவு?

வரி மாறும்போதெல்லாம் விலை மாறுகிறது. மில்லிக்கு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள், வெற்றுப் போத்தலுக்குக் கழிக்கும் காசையும் சேர்த்து. எங்கள் கடையில் அநேகமாகப் போத்தல்தான் வென்றது.

கள்ளையும் ரின்னில் அடைக்கலாம்தானே?

பச்சைக் கள்ளை மூடி வைத்தால் மதுவம் உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும், வாயு ஏறி வெடிக்கும். சூடாக்கிப் பதப்படுத்தி அடைத்த போத்தல் கள்ளு வருகிறது. ஆனால் தவறணையில் காலை இறக்கிய பனங்கள்ளைக் குடித்தவருக்கு அது வேறு பானம்போல இருக்கும். கள்ளுக்கு நல்ல பாத்திரம் முட்டிதான். இதில் நான் யாரோடும் வாதாட மாட்டேன்.

குடித்து முடிந்த பிறகு எது நல்லது?

கடைக்குத் திரும்பிப் போகும் போத்தல் மிக நல்லது. திரும்பத் திரும்ப நிரப்பலாம். ஆனால் எல்லாப் போத்தலும் திரும்பிப் போவதில்லை. இரணைமடுக் குளக்கட்டிலும் வவுனிக்குளத்துக் கரையிலும் ஞாயிறு மாலை இருந்தவர்கள் விட்டுப்போன போத்தல், திங்கள் காலை கல்லில் பட்டு உடைந்திருக்கும். மழைக்கு அது வாய்க்காலால் வயலுக்குள் இறங்கும். எங்கள் ஊரில் நாற்று நடுகிற பெண்களின் காலைக் கேட்டுப் பாருங்கள், போத்தல் ஓட்டின் கதை சொல்லும். மாடு மிதித்தாலும் அதே கதைதான்.

ரின் காலை வெட்டாது என்று சொல்ல மாட்டேன், கிழிந்த ரின் வெட்டும். ஆனால் ரின் குளக்கட்டில் கனநாள் கிடப்பதில்லை. அலுமினியத்தை மறுபடி உருக்குவதற்கு, மண்ணிலிருந்து புதிதாக எடுப்பதற்கு வேண்டிய சக்தியில் 5 வீதம்தான் போதும் என்பதால் அதற்கு எப்போதும் விலை இருக்கிறது. பழைய இரும்பு எடுக்கிறவர் சைக்கிளில் வருவார். வெற்று ரின் ஒன்று ஏறத்தாழ 15 கிராம், ஒரு கிலோவுக்கு அறுபத்தைந்து எழுபது ரின் வேண்டும். எங்கள் உணவகத்தின் பின்பக்கம் சாக்கு ஒன்று கட்டி வைத்திருந்தேன், அவர் சனிக்கிழமை சனிக்கிழமை வந்து எடுத்துப்போவார். மிதித்து நசுக்கிப் போட்டால் ஒரு சாக்குக்குள் கூடக் கொள்ளும். மிதிக்க முன் உள்ளே குளவி இருக்கிறதா என்று குலுக்கிப் பாருங்கள்.